கரண்ட் பிடிக்கும்போது வாய் வெந்துவிட்டது, நிறுத்தலாமா?

கேள்வி: 04.03.2024, இரவு 9.40 (இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து ஒரு வாசகர்)

அம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். 35 நாள் கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) பிடிக்க வேண்டும் என்றார்கள். கிழமைக்கு ஒருமுறை சேலைனில் மருந்தும் ஏற்றுகிறார்கள். கம்பளையில் மாமா வீட்டில் தங்கி தினமும் பஸ்ஸில் போய்வருகிறோம். இன்றைக்கு 10ஆவது நாள். வாயெல்லாம் வெந்து சிவந்துவிட்டது, ரொட்டியைத் தொடமாட்டேன் என்கிறார். டாக்டரைக் கிழமையில் ஒருநாள்தான் பார்க்கிறோம், மற்ற நாளெல்லாம் மிஸ் (தாதி) மட்டும்தான். மிஸ் என்ன செய்ய முடியும்? புண் ஆறும்வரை ஒரு பத்து நாள் நிறுத்திவிட்டுப் பிறகு தொடரலாம் என்று மாமா சொல்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

04.03.2024, இரவு 10.15

தம்பி, நிறுத்தாதீர்கள். நாளைக்குக் காலையில் வழக்கமான பஸ்ஸில் ஏறிப் போங்கள். கரண்ட் அறைக்குள் போகுமுன் அம்மாவை மிஸ்ஸிடம் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் நாளைக்கு எழுதுகிறேன். இப்போதைக்கு இது ஒன்றுதான் அவசரம்.

05.03.2024, மாலை

போய்வந்தீர்கள் என்று பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது.

நான் மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தார். கதிர்வீச்சுப் பிரிவில் ஒன்பது வருடம் தாதியாக வேலை செய்தேன், இப்போது ஓய்வு. நான் டாக்டர் இல்லை, அதனால் மருந்தின் அளவு எதையும் இங்கே எழுதமாட்டேன்.

மாமா சொல்வது கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். ஓய்வு கொடுத்தால் புண் ஆறும், உண்மை. ஆனால் வாயின் நல்ல தோல் தேறி வளருகிற அதே பத்து நாளில் நோயின் செல்களும் தேறி வளர்ந்துவிடும். 35 நாள் என்பது சும்மா போட்ட எண் இல்லை. நாளுக்கு 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம், கிழமையில் 5 நாள், 7 கிழமையில் 70 கிரே. நோய்க்குத் தலையெடுக்க நேரம் கொடுக்காமல் அடிக்க வேண்டும் என்று போட்ட கணக்கு அது. தலை, கழுத்துப் புற்றுநோயில் முடிக்க வேண்டிய நாள் ஒன்று தள்ளிப்போனால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதமோ அதற்குச் சற்று மேலோ குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பத்து நாள் என்றால் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். போயா (பௌர்ணமி), சிவராத்திரி என்று விடுமுறை வந்து இயந்திரம் நிற்பதே ஒரு இழப்பு. அதற்கு மேல் நாமாக ஒருநாள்கூடச் சேர்க்கக் கூடாது.

இனி உங்கள் கேள்வி. மிஸ் என்ன செய்ய முடியும்?

கரண்ட் பிடிக்கிற இயந்திரம் நோயைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த இயந்திரத்துக்கு முன்னால் 35 நாளும் ஆள் வந்து படுக்க வேண்டுமே. வாய் வெந்தால் சாப்பாடு இறங்காது. சாப்பாடு இறங்காவிட்டால் உடம்பு தளரும். தளர்ந்தவர் பஸ் ஏறமாட்டார். இந்தச் சங்கிலியை எந்த இடத்தில் அறுக்கலாம் என்று தினமும் பார்த்துக்கொண்டிருப்பவர்தான் மிஸ். நான் ஒன்பது வருடம் செய்த வேலை அதுதான். நோயை நான் குணப்படுத்தவில்லை. ஆட்களை 35ஆவது நாள்வரை கொண்டுவந்து சேர்த்தேன்.

05.03.2024, இரவு

மாலையில் எழுதியது பொதுப்பேச்சாகப் போய்விட்டது. நாங்கள் என்ன செய்வோம் என்று ஒன்றைச் சொல்கிறேன்.

வாய்ப்புண்ணை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் ஒன்று இருக்கிறது. 0 முதல் 4 வரை. 1 என்றால் சிவப்பும் எரிச்சலும். 2 என்றால் புண் உண்டு, ஆனாலும் திடமான சாப்பாடு இறங்கும். 3 என்றால் நீராகாரம் மட்டும். 4 என்றால் வாயால் எதுவுமே முடியாது. நான் எந்த ஆச்சியிடமும் "வலி எத்தனை?" என்று கேட்டதில்லை. நம் ஆட்கள் வலியை எண்ணால் சொல்லமாட்டார்கள். "இருக்குதுங்க மிஸ், என்ன செய்யிறது" என்பார்கள், அவ்வளவுதான். அதனால் நான் கேட்பது, "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டியும் கட்டச் சம்பலும்" என்றால் 0. "சம்பல் வேண்டாம்னு வெறும் ரொட்டி" என்றால் 1. "ரொட்டியைத் தேத்தண்ணியில ஊறவச்சு" என்றால் 2, அன்றைக்கே வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். "கஞ்சித் தண்ணி மட்டும்" என்றால் 3, டாக்டரின் நாள் வரும்வரை காத்திருக்காமல் அப்போதே போய்ச் சொல்வேன். ஒரு ரொட்டியை வைத்தே முழு அளவுகோலும் தெரிந்துவிடும். உங்கள் அம்மா ரொட்டியைத் தொடமாட்டேன் என்கிறார் என்று எழுதினீர்களே, அதனால்தான் நேற்றிரவு அவ்வளவு அவசரப்படுத்தினேன்.

06.03.2024

வாய் கொப்பளிப்பதற்கு: ஆறிய சுடுதண்ணீர் ஒரு போத்தல், உப்பு ஒரு தேக்கரண்டி, அப்பச்சோடா (சமையல் சோடா) ஒரு தேக்கரண்டி. நாளுக்கு ஆறு தடவையாவது. விழுங்கக் கூடாது. தினமும் காலையில் புதிதாகக் கலக்குங்கள்.

09.03.2024, காலை

என் பிழை ஒன்றைத் திருத்த வேண்டும். "ஒரு போத்தல்" என்று எழுதிவிட்டு எந்தப் போத்தல் என்று சொல்லாமல் விட்டேன். தம்பி அரை லீட்டர் போத்தலில், சோறு போடுகிற பெரிய கரண்டியால் கலக்கியிருக்கிறார். அம்மாவுக்கு நெருப்பு வைத்ததுபோல் எரிந்ததாம். நேற்று முழுக்க அந்த நினைப்பிலேயே இருந்தேன். ஒரு லீட்டர் தண்ணீர். தேத்தண்ணிக்குச் சீனி கலக்குகிற சின்னக் கரண்டியால் தலைதட்டி உப்பு ஒன்று, அப்பச்சோடா ஒன்று. சரியாகக் கலந்தால் வாய்க்கு இதமாக இருக்கும், கண்ணீரின் உப்பு அளவுதான் நாக்கில் தெரியும்.

ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது மேசையில் போத்தலையும் கரண்டியையும் வைத்துக் கலக்கிக் காட்டுவேன், அவர்களையும் ஒருதடவை கலக்கச் சொல்வேன். எழுதும்போது அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

09.03.2024, மாலை

தேன் தடவலாமா என்று பண்டாரவளையிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். தடவலாம். தலை, கழுத்துக்குக் கதிர்வீச்சு எடுப்பவர்களுக்கு வாய்ப்புண் வராமல் தடுக்கத் தேனைப் பரிந்துரைக்கிற சர்வதேச வழிகாட்டி 2020இல் வந்திருக்கிறது. ஆனால் அது தேனீயின் தேனாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் "பாணி" என்று கேட்டால் கித்துள் பாணியை (கித்துள் மரத்துப் பாகை) கையில் கொடுத்துவிடுவார்கள். கித்துள் பாணிக்கு அந்த வேலை தெரியாது, சீனிதான் வாயில் தங்கும். சீனி வருத்தம் உள்ளவர்கள் கேட்காமல் தொடவே வேண்டாம். தேன் வைத்த பிறகு சிறிது நேரம் கழித்து வாயைக் கொப்பளித்துவிடுங்கள். எச்சில் வற்றிய வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும்.

14.03.2024

தம்பி எழுதியிருக்கிறார்: முகமூடி தளர்கிறது என்று மிஸ் சொன்னாராம், ஏன் அதைப் பெரிதாகச் சொல்கிறார் என்று கேட்கிறார்.

அந்த முகமூடி சூட்டில் இளக்கி அம்மாவின் முகத்தின்மேலேயே வார்த்த வலை. தலை அசையாமல் மேசையோடு பூட்டுவதற்கு. கதிர் எங்கே விழ வேண்டும் என்பதை மில்லிமீட்டர் கணக்கில் திட்டம் போட்டிருப்பார்கள். உடம்பு இளைத்தால் கன்னமும் கழுத்தும் உள்ளே போய்விடும், முகமூடிக்குள் தலை ஆடும். ஆடினால் திட்டம் தவறும். சில நேரம் முகமூடியைப் புதிதாக வார்த்து, திட்டத்தையும் மறுபடி போட வேண்டிவரும்.

அதனால்தான் கிழமைக்கு ஒருதரம் நிறுக்கிறோம். செருப்பைக் கழற்றி, சுவெட்டரைக் கழற்றி, ஒரே தராசில். நுவரெலியாக் குளிரில் இருந்து வருகிறவர்கள் இரண்டு சுவெட்டர், ஒரு கம்பளி, தலையில் மஃப்ளர் என்று ஏறி நிற்பார்கள். ஒரு அம்மாவின் நிறை குறையவே இல்லை என்று இரண்டு கிழமை நம்பியிருந்தேன். மூன்றாம் கிழமை வெயில். சுவெட்டர் இல்லாமல் வந்தார். மூன்று கிலோ குறைந்திருந்தது. 50 கிலோ ஆளுக்கு இரண்டரைக் கிலோ போனாலே 5 சதவீதம், அதுவே மணி அடிக்க வேண்டிய இடம். அன்றைக்குப் பிறகு நான் சுவெட்டரோடு யாரையும் தராசில் ஏற்றியதில்லை.

என்ன கொடுக்கலாம் என்றால்: அரிசிக் கஞ்சியில் ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கொதிக்க விடுங்கள். பருப்பை நன்றாகக் குழைத்து வடிகட்டி, அதில் ஒரு கரண்டி தேங்காய்ப்பால். தயிர் குளிர்ச்சியாக இறங்கும். பப்பாசிப் பழம் மசித்து. மிளகாய், புளி, தோடம்பழம் எல்லாம் கொஞ்ச நாளைக்கு எட்ட இருக்கட்டும். வெறும் சாயத்தை (பால் இல்லாத தேத்தண்ணியை) குடித்துவிட்டு வயிறு நிறைந்தது என்று சொல்கிற பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாயத்தில் சத்து இல்லை, வயிற்றில் இடத்தை மட்டும் பிடிக்கும்.

15.03.2024

இன்றைக்கு மருந்து பற்றி இல்லை.

என் சித்திக்கு மார்பில் வந்தது. அவருக்குக் கரண்ட் பிடித்தது நான் வேலை செய்த இடத்தில் இல்லை. முதல்நாள் அவரிடம் எல்லாம் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்கள். சித்திக்குச் சிங்களம் கடைத்தெரு அளவுக்கு வரும். தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். மார்பில் போட்ட மைக்கோட்டை அழிக்கக் கூடாது என்று சொன்னது அவருக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து மஞ்சள் பூசித் தேய்த்துக் குளித்திருக்கிறார். அடுத்தநாள் போனால் கோட்டைக் காணோம். அங்கே யாரோ சத்தம் போட, சித்தி அழுதுகொண்டே வந்து, இனி போகமாட்டேன் என்று காம்பராவுக்குள் படுத்துக்கொண்டார். மூன்று நாள் போயிற்று.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கதிர் விழ வேண்டிய இடத்தைக் காட்டத்தான் அந்தக் கோடு என்று தமிழில் சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "இதுக்குத்தானா, எனக்கு யாரும் சொல்லலியே" என்றார். மறுநாள் போனார், மிச்சத்தை ஒருநாள் விடாமல் முடித்தார்.

சிங்களத் தாதிமார் மேல் நான் குற்றம் சொல்லவில்லை. என்னோடு வேலை செய்தவர்களில் பலர் என்னைப் பார்த்து "வாயத் தொறங்க", "எச்சி துப்புங்க", "பயப்படாதீங்க" என்று படித்துக்கொண்டார்கள். ஒருவர் கொப்பியில் சிங்கள எழுத்தில் தமிழ் வார்த்தைகளை எழுதி வைத்திருப்பார். ஆச்சிமார் அவருக்கென்றே வீட்டிலிருந்து முருங்கைக்காய் கொண்டுவருவார்கள். ஆனால் மூன்று வார்த்தை போதாது. அறிகுறியைப் பார்க்கிற வேலையில் முக்கால் பங்கு பேச்சு. பேச்சு விளங்காத இடத்தில் தாதி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த வேலை பாதியில் நின்றுவிடும். மலையகத்துப் பிள்ளைகள் தாதியர் கல்லூரிக்கு நிறையப் போக வேண்டும் என்று நான் எங்கே பேசினாலும் சொல்வது இதனால்தான்.

17.03.2024

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் எடுக்கிற ஒரு தங்கை தனியாக எழுதியிருந்தார். இங்கேயே பதில் எழுதலாம் என்று அனுமதி தந்தார், ஏனென்றால் இதைக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

முதலில் மூத்திரப்பை. நிறைந்த மூத்திரப்பையோடு மேசையில் படுக்கச் சொல்வார்கள். நிறைந்த பை குடலைக் கதிரின் பாதையிலிருந்து மேலே தள்ளி வைக்கும், அதனால் வயிற்றோட்டம் குறையும். இதை எல்லாருக்கும்தான் சொல்வார்கள். ஆனால் ஹட்டனிலிருந்தோ தலவாக்கலையிலிருந்தோ மூன்று மணி நேரம் பஸ்ஸில் வருகிற பெண் வழியில் எங்கே போவாள்? அதனால் விடிய எழுந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். "தண்ணி குடிச்சீங்களா?" என்றால் பயந்து "ஓம்" என்பார்கள். மேசையில் படுத்த பிறகுதான் பை காலி என்று தெரியும்.

நாங்கள் செய்தது: பஸ்ஸில் குடிக்க வேண்டாம், பரவாயில்லை. வந்ததும் முதலில் ஒருதடவை போய்விட்டு வாருங்கள். பிறகு என் கண்முன் அரை லீட்டர் குடியுங்கள். முக்கால் மணி நேரம் வாங்கில் இருங்கள். அதற்குத் தகுந்தாற்போல் உங்கள் நேரத்தைப் பின்னால் போடச் சொல்கிறேன். இதற்கு டாக்டர் தேவையில்லை, புது இயந்திரம் தேவையில்லை. பஸ்ஸில் பெண்கள் எப்படி வருகிறார்கள் என்று தெரிந்த ஒருவர் இருந்தால் போதும்.

வயிற்றோட்டம் வந்தால் எத்தனை தடவை என்று எண்ணி எழுதுங்கள். ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த நீரிழப்புத் தூள்) கரைத்துக் குடியுங்கள். வயிற்றைக் கட்டும் குளிசையைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாமல் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். இங்கேயும் நாள் முக்கியம்: வெளிக்கதிர் (இயந்திரத்தில் வெளியிலிருந்து கொடுப்பது), உட்கதிர் (உடம்புக்குள் வைத்துக் கொடுப்பது) இரண்டும் சேர்ந்து 56 நாளுக்குள் முடிய வேண்டும்.

கடைசியாக, யாரும் பேசாத ஒன்று. சிகிச்சை முடிந்த பிறகு பிறப்புறுப்பின் பாதை சுருங்கி ஒட்டிக்கொள்ளலாம். அது ஒட்டாமல் இருக்க விரிப்பான் என்று ஒரு சிறு கருவி கொடுப்பார்கள், சில கிழமைக்குப் பிறகு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தருவார்கள். தாம்பத்தியத்துக்கு மட்டும் இல்லை, பின்னாளில் டாக்டர் உள்ளே பரிசோதிக்கவும் அந்தப் பாதை வேண்டும். கணவரை இழந்த பெண்கள் "எனக்கு எதுக்கு மிஸ் இது" என்று மேசை விரிப்புக்குக் கீழே தள்ளிவிடுவார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, இது மருந்து அக்கா, வெட்கம் இல்லை என்று சொல்வேன். சிலருக்கு மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. தங்கை, நீங்களாகவே கேட்டதற்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

22.03.2024

தம்பியின் அம்மாவுக்கு 23 நாள் முடிந்தது. கஞ்சித் தண்ணீர் மட்டும்தான். டாக்டர் மோர்பின் பாணி மருந்து எழுதியிருக்கிறார், மாமா அதைப் போத்தலோடு அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டாராம். "அது சாகப்போகிறவர்களுக்குக் கொடுக்கிறது, பழகினால் விடமுடியாது."

மாமாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அண்ணே, உங்கள் தங்கச்சி சாகப்போவதால் அந்த மருந்தைக் கொடுக்கவில்லை. சாப்பிட வேண்டும் என்பதற்காகக் கொடுத்திருக்கிறார்கள். தொண்டை முழுக்கப் புண், ஒரு மிடறு கஞ்சி இறங்குவது கண்ணாடித்தூள் இறங்குவதுபோல். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் அந்த மருந்து போனால் அந்த நேரத்துக்கு வலி அடங்கும், அதற்குள் ஒரு கோப்பை கஞ்சி போய்விடும். டாக்டர் எழுதிய அளவில், புண் இருக்கும் காலத்துக்கு எடுப்பதால் அடிமையாவது மிக அரிது. புண் ஆறும்போது அவர்களே படிப்படியாகக் குறைத்துவிடுவார்கள். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்துக் கேளுங்கள். வேறு யாருக்கும் கொடுக்காமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அலுமாரிக்கு மேலேயே இருக்கட்டும், நேரத்துக்கு இறக்கினால் போதும்.

வாயில் வெள்ளையாக ஏதாவது படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளையெல்லாம் புண் இல்லை, பூஞ்சணமாகவும் இருக்கும். அதற்கு வேறு மருந்து, கொடுத்தால் சில நாளில் வித்தியாசம் தெரியும்.

22.03.2024, இரவு

இதை மேலே எழுத மறந்தேன், மறக்கக் கூடாதது. சேலைனில் மருந்து ஏற்றுகிறவர்களுக்குக் காய்ச்சல் 38 பாகை தாண்டினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். தண்ணீர்கூட இறங்கவில்லை, மூத்திரம் போவது குறைந்துவிட்டது, வாயிலிருந்து இரத்தம் நிற்கவில்லை, மூச்சு இழுக்கும்போது சத்தம் வருகிறது என்றாலும் அப்படித்தான். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். தோட்டத்து லொறி வரும் என்று பிரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்தில்) காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

23.03.2024

மாமா போத்தலை இறக்கிவிட்டார். நேற்றிரவு ஒரு கோப்பைக் கஞ்சி முழுதாகப் போனது என்று தம்பி எழுதியிருக்கிறார். அண்ணே, உங்களுக்குக் கோடி புண்ணியம்.

30.03.2024

கழுத்துத் தோல் கறுத்து உரிகிறது, தண்ணீர் படலாமா என்று கேள்வி.

இதில் எனக்கு ஒரு மனவருத்தம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கரண்ட் படுகிற இடத்தில் தண்ணீரே படக் கூடாது என்றுதான் எனக்குச் சொல்லித்தந்தார்கள். நானும் அப்படியே சொன்னேன். தோட்டத்து வெயிலிலும் வியர்வையிலும் மார்பு மடிப்பில் அழுக்குச் சேர்ந்து நாறி, அந்தப் பெண்கள் ஆள்கூட்டத்தில் ஒதுங்கி நின்றார்கள். கழுவலாம், கழுவுவதால் தோல் மோசமாவதில்லை என்று 1992லேயே மார்புக் கதிர்வீச்சில் ஆய்வு செய்து காட்டியிருந்தார்கள். அது என் காதுக்கு வரப் பல வருடம் ஆனது. அதற்குள் எத்தனை பேரை அப்படி அனுப்பினேனோ.

ஆகவே: கழுவலாம். இளஞ்சூட்டுத் தண்ணீர், வாசனை இல்லாத சவர்க்காரம், கையால் மட்டும். தேய்க்கக் கூடாது, பழைய மெல்லிய வேட்டித்துண்டால் ஒற்றி எடுங்கள். மைக்கோடு இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். தோல் வெடித்து நீர் வடிந்தால் வீட்டு மருந்து வேண்டாம், மிஸ்ஸிடம் காட்டினால் ஒட்டாத கட்டுப் போடுவார்.

நம் மலைக்கே உரியது ஒன்று: மஃப்ளர். குளிருக்குக் கம்பளி மஃப்ளரைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றுகிறோம். வெந்த தோலில் கம்பளி உரசுவது அரம் போட்டதுபோல். உள்ளே ஒரு பழைய பருத்திச் சேலைத் துண்டைச் சுற்றி, அதன்மேல் மஃப்ளரைச் சுற்றுங்கள். குளிர் காய அடுப்பு முன்னால் கழுத்தைக் காட்டி உட்காருவதும் வேண்டாம். விறகுப் புகை வாய்க்கும் ஆகாது. கொஞ்ச நாளைக்கு அம்மாவை அடுப்படியிலிருந்து நகர்த்தி வாசல் பக்கம் உட்கார வையுங்கள்.

அப்புறம் வெற்றிலை. தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தார், அம்மா இன்னும் அந்தச் சுருக்குப்பையை இடுப்பிலேயே வைத்திருக்கிறாராம். பையைப் பிடுங்காதீர்கள். நாற்பது வருடம் கொழுந்துக் கூடையோடு சேர்ந்து கிடந்த பை அது, பசிக்கும் குளிருக்கும் அதுதான் துணை. ஆனால் உள்ளே புகையிலையும் பாக்கும் இருக்கக் கூடாது. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோயைக் கொண்டுவரும் என்பது 2004இலிருந்தே உறுதி. இந்த நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். நான் ஒரு ஆச்சிக்கு அந்தப் பைக்குள் அப்பச்சோடாப் பொட்டலத்தையும் கரண்டியையும் போட்டுக்கொடுத்தேன். கை பழக்கத்தில் இடுப்புக்குப் போகும், எடுத்தால் கொப்பளிக்கிற சாமான். அவருக்கு அது சரிவந்தது. உங்கள் அம்மாவுக்கும் கேட்டுப் பாருங்கள்.

02.04.2024

பதுளையிலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார்: "நீங்கள் தாதி என்பதால் தாதியைத் தூக்கிப் பேசுகிறீர்கள். இதற்கு ஆதாரம் உண்டா?" நல்ல கேள்வி.

2001இல் பிரித்தானியாவில் சாரா ஃபெயித்ஃபுல் என்ற தாதியும் அவருடன் இருந்தவர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு எடுத்த ஆண்கள் 115 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான டாக்டர் கிளினிக், மறுபாதியைத் தாதி பார்த்தார், தொலைபேசியிலும் பேசினார். அறிகுறிகள் உச்சத்தில் இருந்தபோது இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. தாதி பார்த்தவர்களுக்குத் திருப்தி அதிகம், செலவு குறைவு.

இதை வாசித்தபோது முதலில் எனக்கு ஏமாற்றம்தான். தாதி பார்த்தால் எரிச்சல் குறையும் என்று இருக்கும் என எதிர்பார்த்தேன். பிறகு யோசித்தேன். கதிர் சுடுகிற அளவு சுடத்தான் செய்யும், அதை நான் தடுக்க முடியாது. டாக்டர் பார்த்தாலும் தாதி பார்த்தாலும் உடம்புக்குக் கிடைக்கும் பாதுகாப்பு குறையவில்லை என்பதே பெரிய விஷயம். டாக்டர்கள் எண்ணிக்கை குறைவான, வழி தூரமான நம்மைப்போன்ற இடத்துக்கு அதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? அண்ணன், மேலே 05ஆம் திகதி "சங்கிலியை அறுப்பவர்" என்று எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். எல்லாச் சங்கிலியையும் அறுக்க முடியாது. அது எங்கே இறுகுகிறது என்று நேரத்துக்குக் கண்டுபிடிக்க முடியும்.

தொலைபேசி விஷயத்தைத்தான் நான் விடமாட்டேன். லயத்தில் இப்போது ஒரு வீட்டில் இல்லாவிட்டால் அடுத்த வீட்டில் போன் இருக்கிறது. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவரைக் கிழமைக்கு ஒருதரம் தமிழில் கூப்பிட்டு "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்க ஒரு தாதியை வைத்தால் போதும். என் சொந்தப் போனில் நான் சிலரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். அது ஒருவரின் நல்ல மனதாக இல்லாமல் வேலையாகவே இருக்க வேண்டும்.

11.04.2024

நேற்று 35 முடிந்தது! தம்பி, உங்கள் அம்மாவை நான் பார்த்ததில்லை, ஆனாலும் இன்றைக்கு விளக்கு ஏற்றும்போது அவருக்காகவும் ஒரு திரி போட்டேன்.

இனித்தான் கவனம். முடிந்துவிட்டது என்று வருடப்பிறப்புக்குப் புளியும் மிளகாயும் போட்டுச் சமைத்துக் கொடுத்துவிடாதீர்கள். கதிர் நின்றாலும் அதன் வேலை நிற்காது. அடுத்த ஒன்றிரண்டு கிழமை வாயும் தோலும் இன்னும் மோசமாவதுபோல் இருக்கும், பிறகுதான் ஆறத் தொடங்கும். இது தெரியாமல், வைத்தியம் பலிக்கவில்லை என்று அழுதவர்கள் பலர். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போன காலத்தில் யாராவது பார்ப்பார்கள், வீட்டுக்கு வந்த பிறகுதான் யாரும் பார்ப்பதில்லை. கொப்பளிப்பதை நிறுத்தாதீர்கள்.

அசதியும் இருக்கும். முழுநாளும் படுக்க விடாதீர்கள். காலையில் வெயில் ஏறுமுன் லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடக்கட்டும், அதுவே அசதியைக் குறைக்கும். கொழுந்துக்கு அனுப்பாதீர்கள். பேர் (நாள் கூலி) போகிறதே என்று அவரே கிளம்புவார், தடுங்கள். கூடைக் கயிறு தலையில் இழுக்கும்போது பாரமெல்லாம் கழுத்துக்குத்தான் வரும்.

12.05.2024

தம்பியின் செய்தி: இன்று காலை அம்மா ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்து ஒன்று முழுதாகச் சாப்பிட்டார். "அக்கா, இது எத்தனையாம் நம்பர்?" என்று கேட்டிருக்கிறார். 2 தம்பி, ஆனால் இந்தத் தடவை இறங்குகிற 2. அடுத்தது வெறும் ரொட்டி, பிறகு சம்பல்.

எச்சில் முன்போல ஊறாது, சிலருக்குக் கடைசிவரையும் அப்படித்தான். தண்ணீர்ப் போத்தல் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். பல் கிளினிக்கில் ஃபுளோரைட் பற்றிக் கேளுங்கள்.

முக்கியமாக ஒன்று. இனி வாழ்நாள் முழுக்க, பல் வலிக்கிறது என்று டவுனில் எங்கேயாவது போய்ப் பல்லைப் பிடுங்கிவிடக் கூடாது. கதிர் பட்ட தாடை எலும்பு லேசில் ஆறாது, பிடுங்கிய குழி புண்ணாகி எலும்பே செத்துப்போகலாம். பத்து வருடம் கழித்தும் அப்படித்தான், அதற்குள் எல்லாரும் மறந்திருப்பார்கள். அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸிடம் சொல்லி, "தாடையில் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டது, கேட்காமல் பல் பிடுங்க வேண்டாம்" என்று கொப்பியின் முன்மட்டையில் சிவப்பு மையால் எழுதி வாங்குங்கள். சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. மட்டை கிழிந்து புதுக்கொப்பி போட்டால் அதிலும் எழுதச் சொல்லுங்கள்.